தமிழ்ப் பக்கங்களைச் சேமிக்கேக்க இதை ஒருக்கா கவனியுங்கோ

யாழ்ப்பாணத்துக் கொக்குவில் ஊரைப் பற்றி வந்த ஒரு நல்ல கட்டுரையை நான் புக்மார்க் மட்டும் போட்டு வைச்சிருந்தன், ரெண்டு வருசம் கழிச்சு தங்கச்சி கம்பஸ் அசைன்மென்ட்டுக்குக் கேக்கத் திறந்து பாத்தா அந்த சைட்டே இல்லை. அண்டையில இருந்து தேவையான பக்கம் எண்டா கண்ட உடனயே கம்பியூட்டருக்குள்ள இறக்கிப்போடுவன். பொக்கெட் எண்ட, பக்கங்களைப் பிறகு வாசிக்கச் சேத்து வைக்கிற சேவையில போட்டு வைச்சாக் காணும் எண்டு இருந்த ஆக்களுக்கும் 2025 ஜூலையில அதை மூடிப்போட்டினம், அதால உங்கட டிஸ்கிலயே ஒரு பிரதி இருக்கோணும்.

கனபேர் கன்ட்ரோல் பீ குடுத்து பிடிஎஃப்பாத்தான் எடுக்கிறவை. இங்கிலிஷ் பக்கத்துக்கு அது காணும், தமிழுக்குத்தான் சிக்கல். பாக்க வடிவா இருக்கும், ஆனா உள்ளுக்க எழுத்து குழம்பிக் கிடக்கும். என்ர ஒரு பிடிஎஃப்பில முதல் வரியிலயே கொக்குவில் எண்டு இருக்கு, கன்ட்ரோல் எஃப் அடிச்சுத் தேடினா ஒண்டும் வராது. அந்தச் சொல்லைக் கொப்பி பண்ணி நோட்பாடில போட்டுப் பாத்தா "ெகாக்குவில்" எண்டு கொம்பு முன்னுக்குப் போய் நிக்குது! எல்லா பிடிஎஃப்பும் இப்பிடி இல்லை, ஆனபடியா எடுத்த உடன ஒரு சொல்லைக் கொப்பி பண்ணிப் பாருங்கோ, கொ, தே, பொ மாதிரி எழுத்து வாற சொல்லா எடுங்கோ.

நான் இப்ப பாவிக்கிறது சிங்கிள்ஃபைல் எண்ட எக்ஸ்டென்ஷன். குரோம், ஃபயர்ஃபொக்ஸ் ரெண்டிலயும் போடலாம், ஒரு கிளிக்கில படம் எழுத்து எல்லாத்தையும் ஒரே எச்டிஎம்எல் ஃபைலாத் தரும், தமிழ் உடையாது, தேடலாம், நெட் இல்லாமலும் திறக்கும், எந்த லிங்கில எடுத்தது எண்டதும் அதுக்குள்ளயே இருக்கும். முக்கியமான பக்கம் எண்டா இணையப் பக்கங்களின்ர பிரதியைச் சேத்து வைக்கிற வேபேக் மெஷின் தளத்திலயும் லிங்கைக் குடுத்து சேவ் பண்ணிவிடுங்கோ, பிறகு வாற ஆக்களுக்கும் உதவும்.

இனி பிடிஎஃப் திறக்கிற ரீடருக்கு வருவம். பழைய விண்டோஸ் லப்டொப் எண்டா சுமாத்ராபிடிஎஃப் போடுங்கோ, சின்ன சொஃப்ட்வெயார், இலவசம், இலங்கைத் தமிழ் நூல்களைச் சேத்து வைக்கிற நூலகம் எண்ட தளத்தில எடுக்கிற பெரிய ஸ்கான் புத்தகங்களையும் கெதியாத் திறக்கும், ஈபப் எண்ட வகை மின்நூலும் வாசிக்கலாம். கோடு போட்டு குறிப்பெழுதிப் படிக்கிற பிள்ளையளுக்கு ஒக்குலார் நல்லம், எழுதி முடிய சேவ் பண்ண மட்டும் மறக்காதேங்கோ. டிஜிட்டல் கையொப்பம், ஃபோம் நிரப்புறது எண்டா அடோபி ரீடர்தான் கரைச்சல் இல்லை.

பழைய சுற்றுநிருபங்கள் சிலதைக் கொப்பி பண்ண இங்கிலிஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா வந்தா ரீடரில பிழை இல்லை, அது இங்கிலிஷ் எழுத்தின்ர இடத்தில தமிழ் வடிவத்தை வைச்சிருக்கிற பாமினி எண்ட பழைய ஃபொன்டில அடிச்சது. யூனிகோட் கன்வேட்டரில பாமினியைத் தெரிவு செய்து போடுங்கோ, தமிழ் வந்திடும். மாத்தின எழுத்தை அந்த பிடிஎஃப்புக்குப் பக்கத்திலயே அதே பேரில ஒரு டெக்ஸ்ட் ஃபைலா வைச்சுவிட்டா, பிறகு தேடேக்க கையில அம்பிடும்.