வன்னிப் பெருங்குடும்பங்களின் வம்சாவளி: எடுக்கும் முறை

"முதலியார் வளவு", "உடையார் வீடு", "மணியகாரர் பரம்பரை" என்று ஊரில் பேர்பெற்ற குடும்பங்களின் வம்சாவளியை எழுத வருகிறவர்களில் பலர், 1803இல் ஆங்கிலேயரோடு போரிட்ட வன்னித் தலைவன் பண்டார வன்னியனை உச்சியில் வைத்துக் கீழே இறங்கப் பார்க்கிறார்கள். மேலிருந்து இறங்கினால் எந்தக் கிளையிலும் கால் வைக்கலாம். வைத்த கிளை உங்களுடையதுதானா என்று காட்ட ஒன்றும் இராது. இன்று இருப்பவரிலிருந்து ஒவ்வொரு தலைமுறையாக மேலே ஏறுங்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு சான்று வேண்டும். சான்று கிடைக்காத படியில் நின்றுவிட வேண்டும்.

எண் போடுதல்

ஒரு கொப்பியில் உங்களுக்கு 1 என்று எண் கொடுங்கள். ஒருவருடைய எண்ணை இரட்டித்தால் அவருடைய தகப்பன், அதோடு ஒன்று கூட்டினால் தாய். 2 அப்பா, 3 அம்மா, 4 அப்பப்பா, 5 அப்பம்மா, 6 அம்மப்பா, 7 அம்மம்மா. காணி வெளியே போகக்கூடாதென்று மச்சானுக்கும் மச்சாளுக்கும் கட்டிவைப்பது வசதியான குடும்பங்களில் வழமை. அப்பம்மாவும் அம்மப்பாவும் கூடப்பிறந்தவர்கள் என்றால் 10, 11 என்ற சோடிதான் 12, 13 என்ற சோடியும். கவனிக்காமல் இரண்டு சோடியாக எழுதினால் பிறவாத பூட்டனும் பூட்டியும் கொப்பிக்குள் வந்துவிடுவார்கள். இரண்டு எண்ணையும் ஒரே பெயருக்கு எதிரே போடுங்கள்.

பெயரே பெரிய பொறி. மூத்த பேரனுக்குப் பாட்டன் பெயர் வைப்பது எங்கள் பழக்கம்; பேரன் என்ற சொல்லே பெயரன்தான். கந்தர் மகன் வேலர், வேலர் மகன் கந்தர், அந்தக் கந்தர் மகன் மறுபடியும் வேலர். 1880இல் கைச்சாத்திட்ட "கந்தர் வேலர்" ஒருவர், 1935இல் கைச்சாத்திட்ட "கந்தர் வேலர்" அவருடைய பேரன். இருவரையும் ஒருவராக்கினால் இரண்டு தலைமுறை விழுங்கப்பட்டுவிடும். பெயரை மட்டும் எழுதாமல் ஒவ்வொரு ஆணுக்கும் பக்கத்தில் பெண்சாதியின் பெயரையும் அவளுடைய தகப்பன் பெயரையும் எழுதினால் இந்தக் குழப்பம் வராது. பெண்வழியை விட்டுவிட்டு எழுதும் வம்சாவளி வன்னியில் நிற்காது. ஏன் என்பது சீதன உறுதியை (சீதனம் எழுதிக்கொடுத்த பத்திரத்தை) பார்க்கும்போது விளங்கும்.

முதியவர்களைக் கேட்டல்

"உங்கட பூட்டன்ர பேர் என்ன?" என்று நேரே கேட்டால் "ஆருக்குத் தெரியும்" என்ற பதில்தான் வரும். நிகழ்வைக் கேளுங்கள். "ஆச்சி, அவருக்கு ஆர் கொள்ளி வைச்சது? ஆரார் பந்தம் பிடிச்சவை? அந்தத் துடக்கு எங்களுக்கும் வந்ததோ?" செத்தவீட்டில் நெய்ப்பந்தம் பிடிப்பவர்கள் பேரப்பிள்ளைகள், அந்தப் பட்டியல் ஒரு தலைமுறையைக் கையில் தரும். துடக்கு (சாவுத் தீட்டு) காத்தவர்கள் தகப்பன்வழிப் பங்காளிகள். கலியாணத்தில் ஆர் தோழன் என்று கேட்டால் பெண்ணின் சகோதரர்கள் வெளியே வருவார்கள்.

உறவுச் சொல்லைக் கேட்டபடி எழுதிவிடாதீர்கள். "மாமா" தாயின் சகோதரனாகவும், தகப்பனின் சகோதரியின் புருஷனாகவும், மாமனாராகவும் இருக்கலாம். "பெரியப்பா" தகப்பனின் தமையனாகவோ தாயின் தமக்கையின் புருஷனாகவோ இருக்கலாம். "எந்த வழியில் மாமா?" என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

கல்வெட்டும் மரண அறிவித்தலும்

31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சடித்த கல்வெட்டு, அதாவது இறந்தவர் நினைவுப் பாடல் புத்தகம், வீட்டில் ஒன்று கிடந்தால் அதுதான் பொக்கிஷம். வம்ச வரலாற்றுப் பாடல்களில் பாட்டன், தகப்பன், மருமக்கள், பேரர் எல்லாரும் பெயரோடு வருவார்கள். திதி வெண்பாவில் வருடம், மாதம், பட்சம், திதி இருக்கும். புகழ்ச்சியை ஒதுக்கி உறவை மட்டும் எடுங்கள். சீர் பிடிப்பதற்காகப் பெயரைக் குறுக்கியிருப்பார்கள். முழுப்பெயரை வேறிடத்தில் உறுதிசெய்ய வேண்டும். பத்திரிகை மரண அறிவித்தலில் "சிரேஷ்ட புத்திரி" (மூத்த மகள்), "கனிஷ்ட புத்திரன்" (இளைய மகன்), "ஏக புத்திரன்" (ஒரே மகன்) என்ற சொற்கள் பிறப்பு வரிசையைத் தருகின்றன. "காலஞ்சென்ற" என்று போட்ட பெயர்களைத் தனியே குறியுங்கள்: அவர்கள் அந்தத் திகதிக்கு முன் இறந்தவர்கள் என்பது உறுதி.

தமிழ் வருடத்தை மாற்றும்போது இரண்டு பிழைகள் நடக்கும். அறுபது வருடச் சுற்று திரும்ப வரும்: விரோதி என்றால் 1889 ஆகலாம், 1949 ஆகலாம். பிள்ளைகளின் வயதை வைத்துத் தீர்மானியுங்கள். அடுத்தது, வருடம் சித்திரையில் பிறக்கிறது. சாதகத்தில் "விரோதி வருடம் மாசி மாதம்" என்றிருந்தால் அது 1950. 1949 என்று எழுதுகிறவர்கள்தான் அதிகம்.

பதிவுகள்

பிறப்புச் சான்றிதழில் பாட்டனாரின் பெயர், பிறந்த வருடம், இடம் கேட்கும் கூடு ஒன்று உண்டு. நிரப்பியிருந்தால் ஒரே தாளில் மூன்று தலைமுறை. பெயரை நம்பலாம், வருடம் பெரும்பாலும் அறிவித்தவரின் உத்தேசம். விவாகப் பதிவில் இரு தகப்பன்மாரின் பெயரும் தொழிலும் அல்லது தராதரமும் இருக்கும். "உடையார்", "விதானை" (ஊர்த் தலைமைக்காரர்) என்பவை அங்கேதான் எழுத்தில் கிடைக்கும். எழுத்து (பதிவு) இல்லாமல் வழமைப்படி தாலி கட்டியதோடு நின்ற கலியாணங்கள் பல உண்டு. பதிவு கிடைக்கவில்லை என்பதால் கலியாணமே இல்லை என்று முடிவு கட்டக்கூடாது.

எங்கே தேடுவது என்பதில் அலைச்சல் வரும். முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இல், கிளிநொச்சி 1984இல். அதற்கு முந்திய பிறப்புகளைத் தேடும்போது கிளிநொச்சிக்கு யாழ்ப்பாணத்தையும், முல்லைத்தீவுக்கு வவுனியாவையும் சேர்த்துப் பாருங்கள். யுத்தத்தில் மூலப் பதிவு அழிந்துபோன இடத்தில் உத்தேச வயதுச் சான்றிதழ்தான் கையில் இருக்கும்; அதன் திகதியைச் சரியான பிறந்த நாளாக எழுதாதீர்கள், "சுமார்" போடுங்கள். கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடு பெரிய உதவி: ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெரும்பாலும் நெருங்கிய இனசனமே.

உறுதிகள்

நிலமுள்ள குடும்பத்துக்குக் காணி உறுதியைப் போல ஒரு சாட்சி இல்லை. வடபகுதித் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமையில் முதுசொம் (பரம்பரைச் சொத்து) தகப்பன்வழியாலும் சீதனம் தாயிடமிருந்து மகளுக்கும் என்று தனித்தனி வழியில் இறங்கிவந்தது. ஆகவே சீதன உறுதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மகள், தாய், தாயின் தாய் என்று பெண்வழி தானாக எழும். முதலில் "எனக்கு இன்ன உறுதிப்படி உரித்தான" என்ற வசனத்தைத் தேடுங்கள். அதில் முந்திய உறுதியின் இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் இருக்கும். அதைக் கொண்டு காணிப் பதிவகத்தில் அடுத்த படிக்குப் போகலாம்.

பிறகு நான்கு எல்லைகளையும் வாசியுங்கள். பெருங்காணி துண்டாகும்போது வடக்கும் தெற்கும் கூடப்பிறந்தவர்களுக்குப் போயிருக்கும். ஆனால் எல்லை வசனத்தைப் பழைய உறுதியிலிருந்து அப்படியே பார்த்து எழுதும் வழக்கம் உண்டு. 1930இல் வடக்கெல்லையில் நிற்கிறவர் 1900இலேயே இறந்திருக்கலாம். எல்லையில் பெயர் இருப்பதால் உயிரோடு இருந்தார் என்று கொள்ளாதீர்கள்.

பாகப்பிரிவினை வழக்கு ஏதும் நடந்திருந்தால், முறைப்பாட்டோடு வம்சாவளி அட்டவணையும் தாக்கலாகியிருக்கும். தெஸ்தமெந்தாரி (இறந்தவரின் சொத்து) வழக்கில் உரிமைக்காரர் எல்லாரும் வரிசையாக வருவார்கள். வழக்காளி பங்கைக் கூட்டுவதற்காக ஒரு கிளையை மறைத்திருக்கலாம். எதிராளிகளின் மறுமொழியையும் சேர்த்து வாசித்தால்தான் மரம் முழுதாகும். பெரிய வீடுகள் தங்கள் எழுத்தில் விட்டுவிடும் இரண்டாம் தாரத்துப் பிள்ளைகள் இந்த வழக்குகளில்தான் தலைகாட்டுவார்கள். அவர்களைக் கட்டாயம் எழுதுங்கள். அவர்களும் அந்த வீட்டுப் பிள்ளைகள்.

பட்டமும் பதவியும்

முதலியார் என்பது சிலருக்குப் பதவி, சிலருக்கு அரசு கொடுத்த கௌரவம். இரண்டும் தானாக மகனுக்கு இறங்குவதில்லை. ஊர் மட்டும் மகனையும் அப்படியே கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அரச வர்த்தமானி 1802இலிருந்து வெளிவருகிறது. நியமனங்களைக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் தேடலாம். விதானைப் பதவி 1963இல் கிராம சேவகர் முறை வந்ததோடு முடிந்தது. அதற்குப் பிந்திய ஆளுக்கு "விதானை" என்று போட்டிருந்தால் அது பட்டப்பெயர்.

ஒல்லாந்தர் காலத்துக்குப் போகிறவர்கள் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொன் பிலிப்பு நல்லமாப்பாணன், தொன் கஸ்பார் இளங்கநாராயண மாப்பாணன் போன்ற வன்னியர்களை (வன்னித் தலைவர்களை) சந்திப்பார்கள். "தொன்" என்ற போர்த்துக்கேயப் பட்டத்தை வைத்துச் சந்ததி கிறிஸ்தவமாக இருந்திருக்க வேண்டும் என்று தேடி ஏமாறாதீர்கள். மாப்பாணன் என்ற பெயர் ஒற்றுமை ஒன்றை மட்டும் வைத்து இணைக்கவும் கூடாது. ஒல்லாந்தர் இவர்களிடம் கேட்டது யானைத் திறை. எழுதியதும் திறை கட்டிய தலைவர்களைப் பற்றித்தான்.

பண்டார வன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தது 1803 ஆகஸ்ட் 25இல். கற்சிலைமடுவில் நின்ற நடுகல் அவனை ஆங்கிலப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் அதே வருடம் அக்டோபர் 31இல் தோற்கடித்ததைச் சொல்கிறது, பிள்ளைகளைச் சொல்லவில்லை. சிவில் பதிவு தொடங்கியது 1867இல். இடையிலே 64 வருடம், இரண்டு தலைமுறைக்கு மேல். அந்த இடைவெளியை ஓலை உறுதியோ கோயில் ஏடோ தாண்டித் தந்தாலன்றி, அந்த இணைப்பைப் புள்ளிக்கோடாகப் போட்டு, யார் சொன்னது, எந்தத் திகதியில் சொன்னது என்று பக்கத்தில் எழுதுங்கள்.

உறுதிகளை மடிப்பு விரித்துப் படம் எடுங்கள். பின்பக்கத்துப் பதிவு முத்திரையும் விழ வேண்டும். றங்குப்பெட்டியில் ஒரு பிரதி, ஊருக்கு வெளியே உள்ள உறவுக்காரரிடம் ஒரு பிரதி. உயிரோடு இருப்பவர்களின் பிறந்த திகதியையும் காணி இலக்கத்தையும் இணையத்தில் ஏற்றும் பிரதியிலிருந்து எடுத்துவிடுங்கள்.