பேக்ராஃப்டில் இரவோடு இரவாகக் காற்று இறங்கியது: காரணம் ஜிப்பின் முனை

அலாஸ்காவில் புரூக்ஸ் மலைத்தொடர் ஆறு ஒன்றில் கரிபு மான் வேட்டைக்கும் கிரேலிங் மீனுக்குமாகப் போனபோது, மாலையில் விறைப்பாக ஊதிய பேக்ராஃப்ட் (மடித்து முதுகுப்பையில் தூக்கிச் செல்லும் காற்றுப் படகு) காலையில் தொளதொளவென்று கிடந்தது. பல நாள் இதே கதை.

முதல் சந்தேகம் குளிர் மேல். 20 டிகிரியில் ஊதிய காற்று 4 டிகிரி ஆற்றில் சுமார் 5 சதவீதம் சுருங்கும். அழுத்தமே குறைவான படகில் அது நன்றாகத் தெரியும். அதனால் தண்ணீரில் இறக்கிக் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி ஊத வேண்டும். அப்படிச் செய்தும் இறங்கியது. வால்விலும் தையல்களிலும் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழே இல்லை. சந்தேகப்பட்ட இடத்தில் ஒட்டிய பசை குளிரில் இரவு முழுக்கக் காயவில்லை, பயனும் இல்லை.

படகைத் திருப்பி, பின்பக்கச் சாமான் ஜிப்பை (காற்றறைக்குள்ளேயே சாமான் வைக்கத் திறக்கும், காற்றுப் போகாத ஜிப்) தேங்கிய நீரில் அமுக்கியதும் விஷயம் தெரிந்தது. பற்களில் கசிவில்லை, இழுப்பான் வந்து அடையும் கடைசி முனையில் மட்டும் ஊசி நுனி அளவில் குமிழ் வரிசை. ஆற்று வண்டல் அங்கே மாவாக அப்பியிருந்தது. மேலாகப் பார்த்தால் ஜிப் முழுக்க மூடியது போலத்தான் இருக்கும்.

நல்ல நீரில் பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, உலர்த்தி, முனைக்குள் பட்டாணி அளவு சிலிக்கான் கிரீஸ் வைத்து, இழுப்பானைப் பலமுறை ஓட்டி, கடைசியில் அழுத்தி அடைத்தேன். மெழுகு பிளாஸ்டிக் பல் ஜிப்புக்கு வேண்டாம். கசிவு நின்றது. இப்போது ஒவ்வொரு முறை சாமான் ஏற்றும் முன்பும் முனையைக் கழுவுகிறேன்.