பழைய கத்தி சேர்க்க ஆரம்பிக்கிறீர்களா? உப்புத்தாளைத் தூர வையுங்கள்

பழைய மடக்குக் கத்தியோ வேட்டைக் கத்தியோ ஒன்று கைக்கு வந்ததும் அதைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிடத் தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். உப்புத்தாளும் பாலிஷ் சக்கரமும் துருவோடு நிற்காது, கத்தியின் ஜாதகமே எழுதியிருக்கும் முத்திரையையும் சேர்த்து வழித்துவிடும். முத்திரை அழிந்த கத்திக்குச் சேகரிப்பவர்களிடம் பாதி மதிப்புகூட இருக்காது.

அந்த முத்திரை எங்கே இருக்கும்? மடக்குக் கத்தியைத் திறந்தால் அலகு பிடியோடு சேரும் இடத்தில் கூர் இல்லாத ஒரு சின்னத் தட்டைப் பகுதி இருக்கும், அங்கேதான். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விளக்கை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், மங்கிப்போன எழுத்துகூட எழுந்து வரும். அமெரிக்காவின் கேஸ் கம்பெனிக் கத்திகள் இதைப் பழக நல்ல பாடம். 1940 முதல் 1964 வரை 'கேஸ் எக்ஸ்எக்ஸ்' என்று மட்டும் இருக்கும், 1965 முதல் 'யு.எஸ்.ஏ.' சேர்ந்தது, 1970இல் முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளிகள் வைத்து வருடத்துக்கு ஒரு புள்ளியாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். ஆக, மூன்று புள்ளி இருந்தால் அது 1977. ஆனால் 1980களில் மறுபடி பத்திலிருந்து எண்ண ஆரம்பித்தார்கள், அந்த வரிசையில் ஆங்கிலத்தில் எழுதிய 'CASE' என்ற பெயரின் 'எஸ்' எழுத்து மின்னல்கீற்று மாதிரி வளைந்திருக்கும், அதைக் கவனிக்காமல் புள்ளியை மட்டும் எண்ணினால் பத்து வருடம் தவறிவிடும். அதே கத்தியில் 6254 என்று ஓர் எண் இருந்தால் 6 பெரும்பாலும் எலும்புப் பிடியைக் குறிக்கும், 2 என்றால் இரண்டு அலகு, 54 அந்த வடிவத்தின் எண்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன் கத்திகளுக்கு வேறொரு துப்பு உண்டு. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் சட்டம் போட்டு அடுத்த ஆண்டு அமல்படுத்தியது, அதனால் 'இங்கிலாந்து' அல்லது 'ஜெர்மனி' என்று பொறித்திருந்தால் அது பெரும்பாலும் 1891க்குப் பிந்தையது. பெயர் இல்லையென்றால் அதற்கு முந்தையது என்று துள்ளாதீர்கள், வேறு நாட்டில் விற்கச் செய்ததாகவும் இருக்கலாம். பிரான்சின் ஓபினெல் மடக்குக் கத்தியிலும் இதே பொறிதான்: அலகைப் பூட்டும் சுழல் வளையம் 1955இல் வந்தது, வளையம் இல்லாத எட்டாம் எண் கத்தி (எண் அதன் அளவைக் குறிக்கும்) பழசு என்று நம்பலாம், ஆனால் ஐந்தாம் எண்ணும் அதற்குக் கீழுள்ள சின்னக் கத்திகளும் இன்றைக்கும் வளையம் இல்லாமல்தான் வருகின்றன.

சரி, வாங்குவதற்கு முன் என்ன பார்ப்பது? முதலில் அலகு. வருடக்கணக்கில் சாணை பிடித்த அலகு மெலிந்து குறுகியிருக்கும், அதே வடிவத்தின் தேயாத கத்திப் படத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு போயிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். அப்புறம் மெதுவாகத் திறந்து மூடுங்கள், ஸ்பிரிங் சோம்பலாக இழுக்காமல் கடைசியில் 'டக்'கென்று உட்கார வேண்டும். திறந்த அலகைப் பக்கவாட்டில் லேசாக அசைத்துப் பாருங்கள், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஸ்பிரிங்குக்கும் பித்தளைத் தகட்டுக்கும் நடுவே இடைவெளி தெரிகிறதா பாருங்கள், ஆணிகளைச் சுற்றி முடி போன்ற விரிசல் இருக்கிறதா பாருங்கள். இரண்டு அலகில் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் மின்னினால் அது மாற்றிப் போட்டதாக இருக்கும். பிடி தேய்ந்து வழவழத்திருக்க முத்திரை மட்டும் நேற்று அடித்ததுபோல் கூராக நின்றாலும் கொஞ்சம் யோசியுங்கள். பிடியில் தோட்டா வடிவச் சின்னம் பதித்த, அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனியான ரெமிங்டனின் பழைய கத்திகளுக்கு நல்ல கிராக்கி, அதனால் சாதாரணக் கத்தியில் அந்தச் சின்னத்தைப் பதித்து விற்பவர்களும் உண்டு.

என் அபிப்பிராயம், எல்லாக் கம்பெனியும் வேண்டும் என்று அலையாமல் ஒரே கம்பெனி அல்லது ஒரே வடிவம் என்று ஆரம்பியுங்கள். ஒன்றில் கண் பழகிவிட்டால் போலி தானாகவே உறுத்தும்.

சுத்தம் செய்வது பற்றி. பழைய கரிம எஃகில் படிந்த சாம்பல்நீலக் கறை துரு இல்லை, அது எஃகுக்குப் பாதுகாப்பு, அப்படியே விடுங்கள். சிவந்து பொடியாக உதிர்வதுதான் எதிரி. அதன்மேல் மினரல் ஆயில் ஒரு சொட்டு விட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டு, பல் குத்தும் குச்சியாலும் துணியாலும் எடுங்கள், வராவிட்டால் மறுபடி எண்ணெய், மறுபடி பொறுமை. சமையல் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்து அலகு மடங்கும் மூட்டு இறுகிப்போகும். எலும்பு, மான்கொம்புப் பிடிகளைத் தண்ணீரில் ஊறப்போடாதீர்கள்.

வேட்டைக் கத்தியைத் தோல் உறையிலேயே வைத்துப் பூட்டிவிடுவது பலர் செய்கிற காரியம். தோல் ஈரத்தை இழுக்கும், பதனிட்ட ரசாயனத்தின் மிச்சம் எஃகைக் குழி குழியாகத் தின்னும், பித்தளைப் பாகத்தில் பச்சைக் களிம்பு பிடிக்கும். உறை பக்கத்தில் இருக்கட்டும், கத்தி வெளியே இருக்கட்டும்.

அதைவிட மோசமான ஆள் செல்லுலாய்டு என்ற பழைய காலத்துப் பிளாஸ்டிக். முத்துச்சிப்பி மாதிரியும் ஆமையோடு மாதிரியும் மினுக்கும் அந்தப் பழைய பிடிகள் நைட்ரோசெல்லுலோஸ், வயதானதும் சில சிதைய ஆரம்பித்து அமில வாயு விடும், காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் அது நைட்ரிக் அமிலம். மூடிய பெட்டியில் இப்படி ஒன்று இருந்தால் அக்கம்பக்கத்துக் கத்திகளும் துருப்பிடிக்கும், நீங்கள் எண்ணெயைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். கற்பூர வாசனையோ புளித்த நெடியோ, ஆணிகளைச் சுற்றிப் பச்சை, பிடியில் சின்னச் சின்ன வெடிப்பு, இதெல்லாம் அறிகுறி. தனியாக, காற்றோட்டமாக, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். சூடான ஊசியால் குத்திப் பார்த்துக் கண்டுபிடிக்கிறேன் என்று இறங்காதீர்கள், அது பற்றி எரியும்.

இனி, பகிர்வது. ஒருவர் கத்தியை உங்கள் கையில் கொடுத்தால் திறக்கலாமா என்று கேட்டுவிட்டுத் திறங்கள், அலகில் விரல் வைக்காதீர்கள், மூடும்போது ஸ்பிரிங் அறைய விடாதீர்கள். விரல் வியர்வை போதும், கரிம எஃகில் ரேகை அப்படியே துருவாகப் பதிந்துவிடும், திருப்பிக் கொடுக்குமுன் துடைத்துக் கொடுப்பதுதான் மரியாதை. படம் எடுக்கும்போது இரண்டு பக்கமும், மூடியபடி ஒன்று, முத்திரைக்கு அருகில் ஒன்று, பக்கத்தில் ஓர் அளவுகோல், பிளாஷ் இல்லாமல் ஜன்னல் வெளிச்சம். விரிசலை மறைக்கும் கோணத்தில் எடுத்துவிட்டு 'நல்ல நிலை' என்று எழுதுகிறவரிடம் இரண்டாவது முறை யாரும் மாற்றிக்கொள்ள வரமாட்டார்கள். யாரிடமிருந்து வந்தது, எப்போது, பழுதுபார்த்தது எது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கத்தியோடு கொடுங்கள்.

யானைத் தந்தப் பிடி என்றால் எல்லை தாண்டி அனுப்புமுன் இரண்டு நாட்டுச் சட்டத்தையும் பாருங்கள், பழசு என்பது மட்டுமே அனுமதி ஆகிவிடாது. பொத்தானை அழுத்தினால் திறக்கும் கத்திகளுக்கும் பல நாடுகளில் தடை உண்டு. மற்றதை அனுப்பும்போது மூடிய கத்தியைக் காகிதத்தில் சுற்றி அட்டைக்குள் வையுங்கள், உறைக் கத்திக்கு முனையில் இன்னொரு அட்டை மடிப்பு. ரப்பர் பேண்ட் மட்டும் போடாதீர்கள், அதிலுள்ள கந்தகம் போய்ச் சேருவதற்குள் பித்தளையில் கறுப்புக் கோடு போட்டுவிடலாம்.