டிராவல்ஸ் விளம்பரத்தில் நகைச்சுவை: எதை வைப்பது, எதை நீக்குவது

ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் சிறிய டிராவல்ஸ் நடத்துபவர்கள் நோட்டீஸ், ஃபிளெக்ஸ், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எல்லாவற்றுக்கும் இப்போது தாங்களே வாசகம் எழுதுகிறார்கள். கண்ணில் பட வேண்டும் என்று ஜோக்கும் சேர்க்கிறார்கள். சிரித்தவர்கள் எல்லாம் சீட்டு பதிவு செய்வதில்லை. எழுதியதை அனுப்புவதற்கு முன் இப்படிச் சரிபாருங்கள்.

படி 1: பணம் கட்டுபவர் யார், பயணம் போகிறவர் யார் என்று தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். காசி யாத்திரைக்குப் பணம் கட்டுவது மகனாக இருக்கலாம், போவது அம்மா. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருவருமே அதைப் படிப்பார்கள்.

படி 2: ஜோக் யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். பாதி வேலை இதில்தான் இருக்கிறது. இப்படி ஒரு வாசகம் என்று வைத்துக்கொள்வோம்:

"மாமியாரைக் காசிக்கு அனுப்புங்கள், வீட்டில் நிம்மதியாக இருங்கள்! திரும்பி வருவது அவரவர் அதிர்ஷ்டம்!"

அந்த மாமியார்தான் உங்கள் பயணி. கணவருக்குக் கயாவில் பிண்டம் வைக்க வேண்டும் என்று சீட்டு கட்டிச் சேர்த்த பணமாக அது இருக்கலாம். காசியில் உயிர் போனால் முக்தி என்று அவரே சொல்லிச் சிரிப்பார்; பணம் வாங்குகிற நீங்கள் சொல்லக் கூடாது. முதியவர்களைப் பத்திரமாக அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதுதானே உங்கள் தொழில்? அதையே கேலி செய்தால் விற்க என்ன மிஞ்சும்? மாற்றி எழுதலாம்:

"காசி, கயா, பிரயாகை. சென்ட்ரலில் ரயில் ஏறுவதிலிருந்து வீடு திரும்பும்வரை எங்கள் ஆள் கூடவே வருவார். படித்துறையில் கைபிடித்து இறக்குவோம். சமையல்காரர் நம்மூர்க்காரர், ரசம் போதும் என்றால் கேட்கமாட்டார்."

இதிலும் சிரிப்பு உண்டு. ஆனால் கிண்டலுக்கு ஆளாவது நம் சமையல்காரர், பயணி அல்ல.

படி 3: ஊரையும் கிண்டல் செய்யாதீர்கள். வடசென்னை நடைப்பயணத்துக்கு "தைரியம் இருந்தால் வாருங்கள், உயிரோடு திருப்பி அனுப்புகிறோம்" என்று எழுதுவது சோம்பேறித்தனம், வேறொன்றுமில்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. காசிமேட்டில் விடிவதற்குள் மீன் ஏலம் களைகட்டிவிடும். இவ்வளவு இருக்கும்போது பழைய ரவுடிக் கதை எதற்கு?

படி 4: நாளைப் பாருங்கள். "அலைகள் உங்களைத் தேடி வரும்" என்பது மற்ற நாட்களில் வெறும் அலங்காரம். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கான வேளாங்கண்ணி நோட்டீஸில் அது வரவே கூடாது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தக் கரையில் யாத்திரிகர்கள் பலர் இறந்தார்கள். "மழை வந்தால் எங்கள் வேன் படகாகும்" என்பதும் அப்படித்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெயும் பரவியதைப் பார்த்தவர்கள் உங்கள் வாசகர்கள். புயல் எச்சரிக்கை வந்தால், முன்கூட்டியே நேரம் குறித்துவைத்த விளம்பரப் பதிவுகளை உடனே நிறுத்துங்கள்.

படி 5: கட்டணம், ரத்து விதி, ஓர் அறையில் எத்தனை பேர் என்ற வரிகளில் ஜோக் வேண்டாம். "மலைப்பாதையில் இயற்கை ஏசி!" என்பதை அடித்துவிட்டு, "மலைப்பாதையில் ஏசி ஓடாது" என்று எழுதுங்கள். திசைதிருப்பும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடமிருக்கிறது.

படி 6: அலுவலகத்தில் போன் எடுப்பவரிடம் வாசகத்தை உரக்கப் படித்துக் காட்டுங்கள். திட்டு வாங்கப்போவது அவர்தான்; எந்த வரிக்கு முகம் சுளிக்கிறாரோ அதை நீக்குங்கள். புகாருக்குப் பதில் எழுதும்போதோ சிரிப்புப் பொம்மைகூட வேண்டாம். வண்டி பழுதாகித் திண்டிவனத்தில் நிற்பவருக்கு, மாற்று வண்டி எத்தனை மணிக்கு வரும் என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.