ரியாலிட்டி நிகழ்ச்சியின் தரத்தை எடைபோடுவது எப்படி?

ரியாலிட்டி நிகழ்ச்சி என்றாலே குப்பை என்று ஒதுக்குவோரும் உண்டு. அது தொடங்கிவிட்டால் கூடத்தை விட்டு எழாதவர்களும் உண்டு. பெரும்பாலும் இந்த இரு தரப்பினரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். ஒரு நிகழ்ச்சிக்கு நம் மாலைப்பொழுதைக் கொடுக்கலாமா என்று நிதானமாக முடிவெடுக்க விரும்புவோருக்காக, குறிப்பாகப் பிள்ளைகளோடு சேர்ந்து தொலைக்காட்சி பார்க்கும் பெற்றோருக்காக, நான் சில ஆண்டுகளாகப் பின்பற்றிவரும் முறையை இங்கே எழுதுகிறேன். ஒரு நோட்டும் பேனாவும் ஒரு வாரப் பொறுமையும் இருந்தால் போதும்.

முதலில் ‘ரியாலிட்டி’ என்ற பொதுப்பெயரைக் கலைத்துவிட வேண்டும். 2006இல் தொடங்கிய சூப்பர் சிங்கர், 2017இல் தமிழுக்கு வந்த பிக் பாஸ், 2019இல் தொடங்கிய குக்கு வித் கோமாளி ஆகிய மூன்றும் ஒரே அலைவரிசையில் வந்தவை என்றாலும், ஒன்று பாட்டுப் போட்டி, இன்னொன்று ஒரு வீட்டுக்குள் அடைத்து வைத்துக் கவனிப்பது, மற்றொன்று சமையலும் நகைச்சுவையும் கலந்தது. ஆகவே ஒவ்வொன்றையும் அதனதன் இணையோடுதான் ஒப்பிட வேண்டும்: பாட்டுப் போட்டியைக் கச்சேரி ஒளிபரப்போடு, பிக் பாஸை நெடுந்தொடரோடு, சமையல் போட்டியைப் பழைய பாணிச் சமையல் குறிப்பு நிகழ்ச்சியோடு. பிக் பாஸை ஓர் ஆவணப்படத்தோடு ஒப்பிட்டு மட்டம் தட்டுவது எளிது. அதனால் நமக்குத் தெரியவருவது ஒன்றுமில்லை.

அடுத்து நிமிடங்களைக் கணக்கெடுங்கள். ஒரு மணி நேரத்தில் 12 நிமிடங்களுக்கு மேல் விளம்பரம் கூடாது என்பது கேபிள் தொலைக்காட்சி விதிகளின் வரம்பு. அதைக் கழித்தால் 48 நிமிடங்கள் மிஞ்சும். நோட்டில் மூன்று பத்திகள் போட்டுக்கொண்டு, பாட்டு, சமையல், உரையாடல் என நிகழ்ச்சியின் உண்மையான சரக்கு எத்தனை நிமிடம் வந்தது, முன்கதையும் ‘அடுத்து வருவது’ துண்டுகளும் எத்தனை நிமிடத்தைத் தின்றன, முகபாவங்களும் பின்னணி இசையும் மெதுவோட்டக் காட்சிகளும் எத்தனை நிமிடம் ஓடின என்று குறித்துக்கொள்ளுங்கள். அதே வாரத்தில் ஒரு நெடுந்தொடரையும் ஒரு செய்தி விவாதத்தையும் இதே அளவுகோலில் அளக்க வேண்டும். இல்லையென்றால் கணக்கு ஒருதலைப்பட்சமாகிவிடும். நான் இப்படிக் குறித்த ஒரு பாட்டுப் போட்டியில், பாட்டு ஒலித்த நேரத்தைவிடப் பாடியவரின் குடும்ப வறுமையைக் காட்டிய காணொளியும் நடுவர்களின் கண்ணீரும் கூடுதல் நேரம் எடுத்திருந்தன. அதே வாரத்தில் அளந்த நெடுந்தொடரும் அதைவிடச் சிறப்பாக இல்லை. ஒரு கன்னத்து அறையை மூன்று கோணங்களில் மூன்று முறை காட்டினார்கள்.

மூன்றாவதாகப் படத்தொகுப்பைக் கவனிக்கப் பழக வேண்டும். இதில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன், ஏனெனில் ரியாலிட்டி நிகழ்ச்சியின் கதை எழுதப்படுவது பெரும்பாலும் படப்பிடிப்புக்குப் பிறகுதான். இருபத்து நான்கு மணி நேரத்தை ஒரு மணி நேரமாகவோ ஒன்றரை மணி நேரமாகவோ சுருக்கும்போது எதை விடுவது என்று தீர்மானிப்பவரே கதாசிரியர் ஆகிவிடுகிறார். பிக் பாஸின் முதல் பருவத்தில் கமல்ஹாசன் வார இறுதியில் காட்டிய ‘குறும்படம்’ இதைத் தமிழ்ப் பார்வையாளர்களுக்குத் தெளிவாகவே கற்றுக்கொடுத்தது: நடந்ததைப் பற்றிப் போட்டியாளர் ஒன்று சொல்ல, பதிவான காட்சி வேறொன்று சொன்னது. அதைப் பார்த்துக் கைதட்டிய நாம், குறும்படமாக வராத மற்ற மணி நேரங்களில் என்ன இருந்தது என்றும் கேட்டிருக்க வேண்டும். இந்தக் கேள்வி புதிதல்ல. அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சி 1973இல் ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்வை 12 பகுதிகளாக ஒளிபரப்பியபோதே, தங்களைத் தொகுத்துக் காட்டிய விதம் நியாயமானதல்ல என்று அந்தக் குடும்பத்தினர் வெளிப்படையாகக் குறை கூறினார்கள்.

பயிற்சிக்கு ஒரு காட்சியை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். பதற்றமாகத் தோன்றிய இடம் பல நேரங்களில் இரண்டு பேர் காய்கறி நறுக்கும் இடமாக மாறிவிடும். ஒருவர் பேசும் குரல் மட்டும் கேட்டு, திரையில் அவருடைய முதுகோ வேறொருவரின் முகமோ தெரிந்தால், அந்த வாக்கியம் ஒட்டுப்போட்டதாக இருக்கலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள். முன்னோட்டத்தில் வந்த சண்டை முழுப்பகுதியில் எப்படி முடிந்தது என்பதையும் ஒப்பிடுங்கள். முன்னோட்டம் அடிக்கடி பொய்த்துப்போகும் நிகழ்ச்சியை நம்ப வேண்டியதில்லை.

வெட்டினாலும் ஒட்டினாலும் மாறாமல் எது நிற்கிறது என்பதே நான் பெரிதும் மதிக்கும் சோதனை. கோடீஸ்வரி வினாடி வினாவில் 2020ஆம் ஆண்டு தொடக்கத்தில் செவித்திறனும் பேச்சுத்திறனும் இல்லாத ஒரு பெண் ஒரு கோடி ரூபாய் வென்றார். அவர் அளித்த சரியான விடைகளை எந்தப் பின்னணி இசையாலும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. சுருதி சேர்ந்த பாட்டும் அப்படித்தான். யார் நல்லவர், யார் நடிக்கிறார் என்ற தீர்ப்போ முழுக்க முழுக்கத் தொகுப்பைச் சார்ந்தது.

நான்காவது கேள்வி, பங்கேற்பவர் எப்படி நடத்தப்படுகிறார் என்பது. நெடுந்தொடர் ரியாலிட்டியைவிட மேலானதாகும் இடம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். தொடரில் வரும் கொடுமைக்கார மாமியார் ஒப்பனையைக் கலைத்ததும் வேறொரு மனிதர். ரியாலிட்டியில் வெறுக்கப்பட்டவர் தன் சொந்தப் பெயரோடும் முகத்தோடும் தெருவில் நடக்க வேண்டியிருக்கிறது. 2007இல் பிரிட்டனில் பிரபலங்கள் பங்கேற்ற, பிக் பாஸின் மூல வடிவமான பிக் பிரதர் வீட்டில் இந்தி நடிகை ஷில்பா ஷெட்டி இனவெறிப் பேச்சுக்கு ஆளானபோது ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்காமுக்கு 40,000க்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன. 2021இல் அந்த அமைப்பு, பங்கேற்பாளர்களின் நலனைக் காப்பதற்கென்றே விதிகளை விரிவாக்கியது. இந்தியாவில் 2019 ஜூனில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், நடனப் போட்டிகளில் குழந்தைகளை வயதுக்குப் பொருந்தாத முறையில் காட்ட வேண்டாம் என்று அலைவரிசைகளுக்கு அறிவுறுத்தியது. ஆனால் அறிவுரை வீட்டுக் கூடம் வரை வந்து காவல் நிற்காது. தோற்ற குழந்தையின் அழுகையை அருகில் சென்று நீண்ட நேரம் காட்டும் நிகழ்ச்சியை என் வீட்டில் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவோம்; குழந்தையிடம் காரணத்தையும் சொல்லிவிடுவோம்.

டிஆர்பியையும் வாக்கு எண்ணிக்கையையும் தரத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எத்தனை பேர் பார்த்தார்கள், எவருக்கு எத்தனை ரசிகர்கள் என்பதை மட்டுமே அவை சொல்லும்.

கடைசியாக, பார்த்து ஏழு நாட்கள் கழித்து நோட்டைத் திறக்காமல் நினைவில் இருப்பதை எழுதுங்கள். என் தாயாருக்கு முறையான இசைப்பயிற்சி கிடையாது. பாட்டுப் போட்டிகளில் நடுவர்கள் சொன்ன விளக்கங்களைக் கேட்டுக் கேட்டு, மேல் ஸ்தாயியில் சுருதி விலகுவதை நடுவர் வாய் திறக்கும் முன்பே இப்போது சொல்லிவிடுகிறார். எந்தத் தொடரும் அவருக்கு அப்படி ஒன்றைத் தரவில்லை. ஒரு வாரத்துக்குப் பிறகு சண்டை மட்டுமே நினைவில் தங்கியிருந்தால், அந்த நிகழ்ச்சியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

இந்தக் கணக்கை முதல் வாரத்தில் போட வேண்டாம். புதிய பருவத்தின் தொடக்கப் பகுதிகள் எப்போதும் கூடுதல் அக்கறையோடு செய்யப்படும். மூன்றாவது வாரத்தில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்து அளவெடுங்கள்.