மாட்யூல் இல்லை என்று பைத்தான் சொன்னால் முதலில் எதைப் பார்ப்பது?

மாட்யூல்களை, அதாவது நிரல் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்தக் கோடுத் தொகுப்புகளை, நிறுவும் கருவியான பிப் எல்லாவற்றையும் ஒழுங்காக நிறுவி முடித்திருக்கும். நிரலை ஓட்டினால் 'மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர்: நோ மாட்யூல் நேம்டு ரிக்வெஸ்ட்ஸ்' என்று வந்து நிற்கும். உடனே பலரும் அதே இன்ஸ்டால் கட்டளையை மறுபடி அடிக்கிறார்கள், அடுத்து முன்னால் சூடோ (நிர்வாகி அனுமதியோடு ஓட்டும் கட்டளை) சேர்த்து அடிக்கிறார்கள். இரண்டும் வேண்டாம். மாட்யூல் கணினியில் எங்கோ இருக்கலாம். இப்போது ஓடுகிற பைத்தான் தேடிய இடங்களில் அது கிடைக்கவில்லை, அவ்வளவுதான் இந்தப் பிழை சொல்வது.

ஒரே கணினியில் இரண்டு மூன்று பைத்தான்கள் இருப்பது சகஜம். இயங்குதளத்தோடு வந்தது ஒன்று, நீங்கள் இறக்கியது ஒன்று, அனகோண்டா கொண்டுவந்தது இன்னொன்று. நிறுவியவை போய்ச் சேரும் சைட்-பேக்கேஜஸ் ஃபோல்டர் ஒவ்வொன்றுக்கும் தனியாக உண்டு. பிப் ஒன்றுக்குள் போட்டிருக்கும், நிரல் வேறொன்றில் ஓடும்.

இதை உறுதிசெய்ய, பிழை வரும் அதே ஃபைலின் உச்சியில் இந்த இரண்டு வரிகளைச் சேருங்கள் (கட்டளைகளை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும், புள்ளி, கோடு எல்லாம் அப்படியே):

இம்போர்ட் சிஸ்
பிரிண்ட்(சிஸ்.எக்ஸிக்யூட்டபிள்)

வழக்கமாக எப்படி ஓட்டுவீர்களோ அப்படியே ஓட்டுங்கள். எடிட்டரின் பட்டனை அழுத்துபவர் என்றால் அதையேதான் அழுத்த வேண்டும், ஏனென்றால் எடிட்டரும் டெர்மினலும் வெவ்வேறு பைத்தானைப் பிடித்திருக்கக்கூடும். பிறகு டெர்மினலில் 'பிப் --வெர்ஷன்' அடித்து, அது காட்டும் பாதையோடு ஒப்பிடுங்கள். இரண்டும் வேறு பைத்தானைச் சேர்ந்தவை என்றால் காரணம் கிடைத்துவிட்டது. இனி வெறும் பிப்பை விட்டுவிட்டு, 'பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் ரிக்வெஸ்ட்ஸ்' என்று அடியுங்கள். எந்தப் பைத்தானைக் கூப்பிடுகிறீர்களோ, அதற்குள்தான் அது போய்ச் சேரும். லினக்ஸிலும் மேக்கிலும் பெரும்பாலும் 'பைத்தான்3' என்று அடிக்க வேண்டியிருக்கும்.

பாதை ஒன்றாக இருந்தும் பிழை போகவில்லையா? பெயரைப் பாருங்கள். நிறுவும் பெயரும் இம்போர்ட் செய்யும் பெயரும் எப்போதும் ஒன்றல்ல. சிவி2 வேண்டுமென்றால் ஓப்பன்சிவி-பைத்தான், எஸ்கேலேர்னுக்கு சைகிட்-லேர்ன், பிஐஎல்லுக்கு பில்லோ. ஊகித்து அடிக்காதீர்கள், ஒத்த பெயரில் தீங்கான பேக்கேஜ்களை ஏற்றிவைப்பவர்கள் உண்டு. 'ரிக்வெஸ்ட்ஸ் இஸ் நாட் எ பேக்கேஜ்' என்று பிழை முடிந்தால், உங்கள் ஃபோல்டரிலேயே ரிக்வெஸ்ட்ஸ்.பிஒய் என்று ஒரு ஃபைல் இருக்கிறது என்று பொருள். நிரல் இருக்கும் ஃபோல்டரைத்தான் பைத்தான் முதலில் தேடும். அந்த ஃபைலின் பெயரை மாற்றினால் போதும். பழைய நிரல் டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற மாட்யூலைக் கேட்கிறதென்றால், பைத்தான் 3.12 பதிப்பிலேயே அதை நீக்கிவிட்டார்கள். செட்டப்டூல்ஸை நிறுவினால் பெரும்பாலும் ஓடும்.

இந்தக் குழப்பமே வராமலிருக்க, ஒவ்வொரு புராஜெக்டுக்கும் தனி விர்ச்சுவல் என்விரான்மென்ட், அதாவது தனக்கென்று பைத்தானும் மாட்யூல்களும் உள்ள ஒரு ஃபோல்டர், வைத்துக்கொள்ளுங்கள். சின்ன நிரலுக்கு எதற்கு என்று தோன்றும். சின்ன நிரலுக்கும் வையுங்கள். டெபியன் 12 முதலிய புதிய லினக்ஸ்களில் அதற்கு வெளியே நிறுவப் போனால் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு' என்று சொல்லிப் பிப் மறுத்துவிடும். அதை மீற 'பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்' என்ற ஆப்ஷன் இருக்கிறது. பெயரே எச்சரிக்கை, தொடாதீர்கள்.

புராஜெக்ட் ஃபோல்டருக்குள் போய் (விண்டோஸில் 'பைத்தான்3'க்குப் பதில் வெறும் 'பைத்தான்'):

பைத்தான்3 -எம் வென்வ் .வென்வ்

வென்வ் 3.3 பதிப்பிலிருந்து பைத்தானோடேயே வருகிறது. டெபியன், உபுண்டுவில் மட்டும் பைத்தான்3-வென்வ் பேக்கேஜை அவற்றின் நிறுவல் கருவியான ஆப்ட் மூலம் தனியாகப் போட வேண்டியிருக்கும். இயக்குவதற்கு லினக்ஸிலும் மேக்கிலும் 'சோர்ஸ் .வென்வ்/பின்/ஆக்டிவேட்', விண்டோஸில் '.வென்வ்\ஸ்கிரிப்ட்ஸ்\ஆக்டிவேட்'. பவர்ஷெல் ஸ்கிரிப்டை ஓட்ட மறுத்தால், 'செட்-எக்ஸிக்யூஷன்பாலிசி -ஸ்கோப் பிராசஸ் ரிமோட்சைன்டு' என்று அடித்துவிட்டு மறுபடி முயலுங்கள். அந்த விண்டோவை மூடியதும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

ஆக்டிவேட் செய்வது, கட்டளைகளைக் கணினி எந்தெந்த ஃபோல்டரில் தேட வேண்டும் என்று சொல்லும் பாத் பட்டியலின் தலையில் இந்த ஃபோல்டரை வைப்பதுதான், அதுவும் அந்த ஒரு டெர்மினலுக்கு மட்டும். புது டெர்மினல் திறந்தால் மறுபடி செய்ய வேண்டும். சூடோவோடு ஓட்டினாலும், குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் கிரானில் போட்டாலும் அது செல்லாது. அங்கெல்லாம் '.வென்வ்/பின்/பைத்தான்' வரையிலான முழுப் பாதையையும் எழுதிவிடுங்கள், ஆக்டிவேட்டே தேவையில்லை. விஎஸ் கோடு எடிட்டரில் 'பைத்தான்: செலக்ட் இன்டர்ப்ரெட்டர்' வழியாக இதே பாதையைத் தேர்ந்தெடுங்கள். ஜூப்பிட்டரில் செல்லுக்குள் '%பிப் இன்ஸ்டால்' என்று அடித்தால், ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலுக்குள்ளேயே (அந்த நோட்புக்கை ஓட்டும் பைத்தானுக்குள்) நிறுவும்.

.வென்வ் ஃபோல்டரை இடம் மாற்றாதீர்கள், பெயர் மாற்றாதீர்கள், கிட்டில் (நிரலின் மாற்றங்களைச் சேமித்துவைக்கும் கருவி) ஏற்றாதீர்கள். உள்ளிருக்கும் ஸ்கிரிப்டுகளில் முழுப் பாதையே எழுதப்பட்டிருக்கும், நகர்த்தினால் உடையும். 'பைத்தான் -எம் பிப் ஃப்ரீஸ் > ரிக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி' என்று பட்டியலை எடுத்து அந்த ஃபைலை மட்டும் கிட்டில் வையுங்கள். இயங்குதளம் பைத்தானை 3.11இலிருந்து 3.12க்கு மாற்றி எல்லா மாட்யூலும் காணாமல் போனாலும் சரி, ஃபோல்டரை அழித்து, புதிதாக உருவாக்கி, 'பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் -ஆர் ரிக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி' அடித்தால் எல்லாம் திரும்ப வந்துவிடும்.