பிளாட்டி மீன்: ஆண் பெண் கணக்கில் தொடங்கி குட்டிகளைப் பிரிப்பது வரை

பிளாட்டியைக் குட்டி போட வைக்க யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியில் இருந்து, தண்ணீரும் சுமாராக இருந்தால் போதும், அது பாட்டுக்கு நடக்கும். மெனக்கெட வேண்டிய இடங்கள் மூன்று: ஆண் ஓயாமல் துரத்திப் பெண்ணைக் களைத்துவிடாமல் பார்ப்பது, பிறந்த குட்டிகள் தாயின் வாய்க்கே இரையாகாமல் காப்பது, சில மாதங்களில் தொட்டி நிரம்பி வழியாமல் தடுப்பது. எத்தனை ஆண், எத்தனை பெண் வாங்குகிறோம் என்பதிலேயே இவற்றில் பாதி முடிவாகிவிடுகிறது.

படி 1: தண்ணீரும் தொட்டியும்

ஓர் ஆண், மூன்று பெண் என்று தொடங்குபவருக்கு 60 லிட்டர் தொட்டி வசதி. 40 லிட்டரிலும் வளர்க்கலாம். ஆனால் துரத்தப்படும் பெண்ணுக்கு ஓடி ஒளிய இடம் இருக்காது.

மீன் வருமுன் தொட்டியை 'சைக்கிள்' செய்தாக வேண்டும். ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஓடவிட்டு, அம்மோனியாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்து வந்தால், கழிவை உடைக்கும் பாக்டீரியா பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். போட்ட அம்மோனியா ஒரே நாளில் காணாமல் போய், டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0 என்று காட்டினால் தொட்டி தயார். முதல்முறை வளர்ப்பவர்கள் இழக்கும் மீன்களில் பெரும்பங்கு இந்தப் பொறுமை இல்லாததால்தான்.

வெப்பம் 22–26 டிகிரி செல்சியஸ், பி.எச். 7 முதல் 8 வரை. பிளாட்டிக்குக் கடினநீர்தான் பிடிக்கும், கடினத்தன்மையைக் காட்டும் ஜி.எச். அளவு 10க்கு மேல் இருக்கட்டும். ஆர்.ஓ. தண்ணீரை அப்படியே ஊற்றுவது நல்லதென்று பலர் நினைக்கிறார்கள். இந்த மீனுக்கு அது கெடுதல். தாது உப்பு இல்லாத நீரில் பிளாட்டி நின்ற இடத்திலேயே நின்று, முன்னேறாமல், உடலை மட்டும் இடதும் வலதுமாக நெளிக்கும். அப்படிக் கண்டால் மருந்து தேடாமல் முதலில் ஜி.எச். பாருங்கள். உடைத்த பவளத்துண்டு ஒரு கைப்பிடியை வலைப்பையில் கட்டித் தண்ணீர் ஓடும் இடத்தில் வைத்தால் கடினத்தன்மை மெல்ல ஏறும். ஒரே நாளில் ஏற்ற வேண்டாம்.

படி 2: ஆணா, பெண்ணா?

நிறத்தைப் பார்க்காதீர்கள். வயிற்றுக்குப் பின்னால், வாலுக்கு முன்னால், அடிப்பக்கம் இருக்கும் குதத் துடுப்பைப் பாருங்கள். பெண்ணுக்கு அது முக்கோண விசிறிபோல விரிந்திருக்கும். ஆணுக்கு அது ஒடுங்கி, பின்னோக்கிப் படிந்த மெல்லிய குச்சியாக இருக்கும். விந்தணுவைப் பெண்ணின் உடலுக்குள் செலுத்தும் இந்த உறுப்புக்கு கோனோபோடியம் என்று பெயர். பெண் 6 செ.மீ. வரை வளரும், ஆண் 4 செ.மீ. அளவில் நின்றுவிடும்.

ஒரு பொறி இருக்கிறது: பருவமடையாத ஆணுக்கும் விசிறித் துடுப்புதான். 2 செ.மீ.கூட இல்லாத குட்டிகளை 'எல்லாம் பெண்' என்று நம்பி வாங்கினால் பாதி ஆணாக மாறி நிற்கும். அதுவும் ஆதிக்கம் செலுத்தும் ஆண் ஒன்று தொட்டியில் இருந்தால், சிஃபோஃபோரஸ் வேரியேட்டஸ் என்ற பிளாட்டி வகையில் இளம் ஆண்கள் பருவமடைவதையே தள்ளிப்போடும். தள்ளிப்போட்ட காலத்தில் அவை இன்னும் வளர்வதால், பின்னால் பருவமடையும் ஆண் முன்னதைவிடப் பெரியதாக இருக்கும். பெண் என்று நினைத்த பெரிய மீன் திடீரென ஆணாகத் தெரிந்தால், பால் மாறிவிட்டது என்று சொல்லக் கேட்பீர்கள். பெரும்பாலும் விஷயம் இதுதான்.

ஆண்களோடு கலந்து வைத்திருந்த தொட்டியிலிருந்து வரும் வளர்ந்த பெண் எதுவும் ஏற்கெனவே சினையாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பெற்ற விந்தணுவைப் பெண் பல மாதங்கள் உடலில் சேமித்து, அடுத்தடுத்து பல ஈற்றுக்குப் பயன்படுத்தும். பெண்கள் மட்டும் இருக்கும் தொட்டியில் குட்டி பிறப்பது இதனால்தான்.

படி 3: எண்ணிக்கை

ஓர் ஆணுக்குக் குறைந்தது இரண்டு பெண், முடிந்தால் மூன்று. ஆண் பிளாட்டி நாள் முழுக்கப் பெண்ணைத் துரத்தும். ஒரே பெண் இருந்தால் மொத்தத் துரத்தலும் அதன் தலையில் விழும். அது சாப்பிடாது, மேல்மூலையில் ஒதுங்கும், துடுப்புகளை உடலோடு ஒட்ட மடக்கிக்கொள்ளும், பிறகு வெண்புள்ளி நோய்க்கு முதலில் அதுவே ஆளாகும்.

இரண்டு ஆண் மட்டும் என்பது இருப்பதிலேயே மோசமான கணக்கு. பலசாலி மற்றதை விடவே விடாது. குட்டியே வேண்டாம் என்று ஆண்களை மட்டும் வளர்ப்பதானால் ஆறு ஆணாவது இருக்கட்டும், தொட்டியும் பெரிதாக இருக்கட்டும். அப்போது சண்டை பலபேரிடம் சிதறி யாருக்கும் பலமாக விழாது. பெண்களிடையேயும் உணவு நேரத்தில் பெரியது சிறியதை முட்டித் தள்ளும் படிநிலை உண்டு. உணவைத் தொட்டியின் இரு முனைகளிலும் தூவினால் சரியாகிவிடும்.

பிளாட்டி கூட்டமாக அணிவகுத்து நீந்தும் மீன் இல்லை. சேர்ந்து இருக்கப் பிடிக்கும், ஆனால் அவரவர் பாட்டுக்குச் சுற்றும்.

படி 4: துரத்தலைப் படிப்பது

ஆண் பெண்ணின் பக்கவாட்டில் வந்து, துடுப்புகளை முழுதாக விரித்து, முன்னும் பின்னுமாகக் குறுகிய தூரம் நீந்திக்காட்டினால் அது அழைப்பு. பெண்ணின் பின்புறம் கீழாக வந்து, கோனோபோடியத்தை ஒருபக்கமாகத் திருப்பி ஒரு நொடிக்கும் குறைவாகத் தொட்டு விலகினால் அது இணைவுக்கான முயற்சி. பெரும்பாலான முயற்சிகள் வீணாகவே போகும். வால் துடுப்பில் கிழிசல், செதில் உதிர்வு, ஒரே மீன் எப்போதும் செடிக்குள் என்றெல்லாம் தெரிந்தால் எல்லை மீறிவிட்டது. துரத்தும் ஆணை ஒரு வாரம் வேறு தொட்டிக்கு மாற்றி, கற்களையும் செடிகளையும் இடம் மாற்றி அமைத்துவிட்டுத் திரும்ப விடுங்கள். தன் எல்லை எது என்று அது புதிதாகத் தேட வேண்டியிருப்பதால் கொஞ்சம் அடங்கும்.

படி 5: சினையும் ஈற்றும்

26 டிகிரியில் சுமார் 4 வாரத்துக்கு ஒரு ஈற்று. தண்ணீர் குளிர்ந்திருந்தால் 5 வாரத்தையும் தாண்டும். வயிற்றருகே தெரியும் கரும்புள்ளியைப் பார்த்து நாள் கணிக்கச் சொல்வார்கள். சிவப்பு, கறுப்பு பிளாட்டிகளில் அது தெரியவே தெரியாது. முதல் ஈற்று நடந்த தேதியைக் குறித்துவைத்து, அதிலிருந்து எண்ணுவதுதான் நம்பகமானது.

கடைசி ஓரிரு நாளில் வயிறு உருண்டை வடிவம் மாறி, பக்கத்திலிருந்து பார்க்கப் பெட்டிபோலச் சதுரமாகும். பெண் உணவைத் துப்பும், ஹீட்டருக்குப் பின்னாலோ செடிக்கடியிலோ தனித்து நிற்கும். ஈற்று சில மணி நேரம் நீடிக்கும். சுருண்டு மடங்கிய ஒரு உருண்டை வெளியே வந்து விழும்; அடுத்த கணம் நிமிர்ந்து அருகிலுள்ள மறைவைத் தேடி ஓடும். 7–8 மி.மீ. நீளம். இளம் தாய்க்குப் பத்துக்குள் முடியலாம், முதிர்ந்த பெண்ணுக்கு 20 முதல் 50 வரை சாதாரணம்.

வயிற்றில் ஒட்டிய மஞ்சள்கருப் பையோடு குட்டிகள் விழுந்தால் குறைமாதம். பெரும்பாலும் காரணம் நாமே: ஈற்றுக்கு முன் வலைபோட்டுத் துரத்திப் பிடிப்பது, வெப்பம் சட்டென மாறுவது, பிரீடிங் பாக்ஸில் (ஈற்றுக்காகப் பெண்ணைத் தனியே வைக்கும் சிறு பெட்டி) நாள்கணக்கில் அடைத்துவைப்பது.

படி 6: குட்டிகளைக் காப்பது

பிரீடிங் பாக்ஸ் சிபாரிசு செய்ய மனமில்லை. ஒரு கையகலப் பெட்டியில் தவிக்கும் தாய், குட்டிகளையும் கண்முன்னே வைத்துக்கொண்டு சும்மா இருக்காது. பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் வயிறு சதுரமான பிறகு வைத்து, ஈற்று முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

நல்ல வழி செடி. தொட்டியின் மூன்றில் ஒரு பங்கு ஜாவா மாஸ், ஹார்ன்வோர்ட் போன்ற அடர்ந்த செடிகளால் நிறையட்டும். மேல்மட்டத்தில் மிதக்கும் செடி கட்டாயம், புதுக்குட்டிகள் அங்கேதான் கூடும். ஒன்றும் செய்யாமலே ஒரு சில தப்பும். எல்லாம் வேண்டுமென்றால் 20 லிட்டர் தனித்தொட்டியில் மாஸ் நிரப்பி, ஈற்றுக்கு ஒரு வாரம் முன்பே பெண்ணை மெதுவாக ஒரு டப்பாவால் அள்ளி மாற்றுங்கள். குட்டித் தொட்டிக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான். மற்ற ஃபில்டர்களின் உறிஞ்சும் வாயில் குட்டிகள் மாட்டிக்கொள்ளும்.

படி 7: உணவு

முதல் நாளே சாப்பிடும். விரலிடையில் தேய்த்துப் பொடியாக்கிய ஃப்ளேக்கை நாளைக்கு 3–4 முறை, ஒவ்வொரு முறையும் ஒரு சிட்டிகைக்கும் குறைவாக. முட்டை மஞ்சள் கரு தேவையே இல்லை. தண்ணீரைக் கெடுப்பதில் அதற்கு நிகர் கிடையாது.

உயிருணவு என்றால் முட்டையிலிருந்து புதிதாகப் பொரிந்த ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிறால் குஞ்சுகள். 1 லிட்டர் தண்ணீரில் 25 கிராம் உப்பு, அரை டீஸ்பூன் ஆர்ட்டீமியா முட்டை, அடியிலிருந்து ஏர் பம்ப், மேலே விளக்கு, 26–28 டிகிரி. 24 முதல் 36 மணி நேரத்தில் பொரியும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் வெற்று ஓடு மேலே மிதக்கும்; ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் வெளிச்சம் உள்ள பக்கம் திரளும். குழாயால் உறிஞ்சி, மெல்லிய துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள். ஓடுகளைச் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள், குட்டிகளின் குடலை அடைக்கும்.

இரண்டு நாளைக்கு ஒருமுறை 20 சதவீதத் தண்ணீர் மாற்றம். வெப்பம் ஒத்துப்போக வேண்டும், குளோரின் நீக்கியிருக்க வேண்டும். குட்டிகள் வளராமல் நின்றால் உணவைக் கூட்டுவதைவிட இதைச் சரிபார்ப்பது பலன் தரும்.

படி 8: பிரித்தலும் மிச்சமும்

ஆறாவது வாரத்திலிருந்து வாரம் ஒருமுறை குதத் துடுப்புகளைப் பாருங்கள். துடுப்பு நீண்டு கூர்மையாகத் தொடங்கியதும் ஆண்களைத் தனியே எடுங்கள். விட்டால் அண்ணன் தங்கையே இணைந்து அடுத்த தலைமுறை வந்துவிடும்.

ஒரு ஈற்று முழுக்க ஆணாக வந்தால் வெப்பத்தைக் குறை சொல்ல வேண்டாம். சிஃபோஃபோரஸ் மாக்குலேட்டஸ் என்னும் பிளாட்டியில் எக்ஸ், ஒய், டபிள்யூ என மூன்று பால் குரோமோசோம்கள் உண்டு. எக்ஸ் எக்ஸ் பெண்ணும் ஒய் ஒய் ஆணும் சேர்ந்தால் பிறப்பதெல்லாம் ஆண்தான்.

பிளாட்டியின் நெருங்கிய உறவான சுவார்ட்டெயில் மீனைப் பிளாட்டியோடு வைத்தால் இரண்டும் இணைந்து கலப்பினக் குட்டிகள் பிறக்கும். கடைகளில் விற்பவற்றில் பலவும் ஏற்கெனவே அப்படிக் கலந்தவையே. ஆனால் கரும்புள்ளி உள்ள சில பிளாட்டி வகைகளைக் கலந்து, அந்தக் கலப்பினத்தை மறுபடி சுவார்ட்டெயிலோடே இணைத்தால், குட்டிகளில் சிலவற்றுக்குக் கருங்கட்டிப் புற்றுநோய் வரும். இது ஆய்வகங்களில் 1920களிலிருந்தே அறிந்த விஷயம்.

பெருக்கத்தைக் குறைக்க எளிய வழி, குட்டிகளைப் பெரிய மீன்களோடேயே விட்டுவிடுவது. தப்பியவற்றைத் தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள், கடையில் கேட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். குளத்திலோ ஆற்றிலோ மட்டும் விடக்கூடாது. மெக்சிகோவிலிருந்து பெலிஸ் வரையிலான பகுதியைச் சொந்த ஊராகக் கொண்ட இந்த மீன், அப்படி விடப்பட்டே ஃபுளோரிடாவிலும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் குடியேறியிருக்கிறது.